மீட்டர் இரண்டு வெள்ளி

நீலம் என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
எனக்கு அது போதாது.
ஆயர் தாவார் கடைத்தெருவில்
சைக்கிள் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
பதினேழு வருசமாகத் தைக்கிறேன்.

போலீஸ் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பு.
பள்ளிப் பிள்ளைகளின் நீலம்
மூன்றாம் மாதமே வெயிலிடம் போய்விடும்.
ஆகாயப்படை நீலத்தில் கொஞ்சம் சாம்பல்.
கடற்படை நீலம் கொண்டுவந்தால்
பகலிலேயே விளக்கைப் போடுவேன்,
ஊசி போன தடம் தெரியாது.

எங்கள் தோட்டத்துக் காற்பந்து அணிக்கு வந்தது
இதில் எதுவுமில்லை.
யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமல் போன ஒரு கட்டு,
லிம் கடைப் பரணில் கிடந்தது.
மீட்டர் இரண்டு வெள்ளி.
'நம்ம நிறம் நீலம்டா' என்று தவமணி அறிவித்தான்,
விலையைக் கேட்ட பிறகு.

பதினாறு சட்டை.
பதினொன்றோடு நீல நூல் தீர்ந்தது.
உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்,
வெள்ளையை ஓட்டினேன்.

முதல் சலவையில் சாயம் இறங்கியது.
பள்ளிச் சட்டை, தலையணை உறை,
கோயிலுக்கென்று எடுத்துவைத்த ஜிப்பா,
லயம் முழுக்க ஒரே கொடியில் இளநீலம்.
மூன்று பேர் கடைவாசலில் நின்று ஏசினார்கள்.
நான்காமவள் வந்து,
'சொட்டு நீலக் காசு மிச்சம்' என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குணாளன் கோல்கீப்பர்.
கோல்கீப்பருக்கு வேறு நிறம் வேண்டுமாம், அது சட்டம்.
திரைச்சீலைக்கு வெட்டிய மஞ்சளில் மிஞ்சியதை
அவனுக்குத் தைத்தேன்.
மூன்று வருசம் பத்து நீலத்துக்குப் பின்னால்
ஒரு மஞ்சள்.
பிறகு கடற்படையில் எடுத்துக்கொண்டார்கள்.
கால்சட்டை மடிப்பை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.
'இப்பவாச்சும் நீலம் கெடச்சிச்சேக்கா.'

போன சனிக்கிழமை லுமுட்டிலிருந்து பஸ் வந்தது.
இறங்கியவர்கள் நீலம்.
திடலில் காத்திருந்தவர்களும் நீலம்.
ரெப்ரி ஹம்டான் இரண்டு பக்கமும் பார்த்தார்,
விசிலை வாயில் வைத்தார்,
ஊதாமல் எடுத்தார்.
காசு சுண்டினார்கள். எங்களுக்குத் தோல்வி.
வேறு சட்டை யாரிடம் இருக்கிறது?
'திருப்பிப் போடுங்கடா' என்றான் தவமணி.

அப்படித்தான் பார்த்தேன்,
சிரப் தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து,
என் உள்பக்கம் முழுவதும் ஓடுவதை.
வெளுத்த நீலம். கண்ணாடியில் பார்த்த மாதிரி எண்கள்.
விளிம்பு பிரிந்த ஓரங்கள்.
வெள்ளைத் தையல் தூரத்திலிருந்தே தெரிந்தது.
பதிமூன்றாம் நம்பர் அக்குளில் ஒரு கோணல்:
அதைத் தைத்தபோதுதான்
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

எதிர்க் கோலில் குணாளன்.
பச்சைச் சட்டை.
அங்கேயும் அதே சட்டம்தான் போல.

இரண்டாம் பாதியில் மழை.
மூன்றுக்கு ஒன்று, தோற்றோம்.
அந்த ஒன்று தவமணி அடித்தது.
தவமணி எப்போதும் இடது மூலைக்குத்தான் அடிப்பான்,
இறைச்சிக் கடை பாய்க்குக்கூடத் தெரியும்.
இடது மூலைக்குத்தான் அடித்தான்.
குணாளன் வலது பக்கம் பாய்ந்தான்.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சட்டையைக் கழற்றினால்
பத்துப் பேருக்கும் நெஞ்சு நீலம்.
கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பஸ் கிளம்பக் கால்மணி இருக்கும்போது
சீருடையோடு கடைக்கு வந்தான்.
கை மடிப்பில் ஒரு பட்டன் இல்லை.
'அதே நீலத்துல நூல் வேணுங்க்கா,
ஒரு சாயல் தப்புனாலும் கேப்பாங்க.'
ஐந்து நூல்கண்டை வாசல் வெளிச்சத்தில்
அவன் கைமேல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் சேரவில்லை.
இருப்பதில் கறுப்பு நெருங்கி வந்தது,
அதையே கோத்தேன்.

நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தபோது
அவன் காலருக்கு மேலே, காதுக்குக் கீழே,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.
சொல்லவில்லை.
முகாமில் யாராவது பார்த்துக் கேட்கட்டும்,
இது எந்த நீலம் என்று.