ஒன்பதாவது வாரம்

பிரான்சனில் காலை உணவு இலவசம்,
தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றார்கள்.
நாலு மணி நேரம் ஆனது.
அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்,
வங்கியில் கடன் கேட்கும்போது வைத்திருப்பதுபோல.

விற்க வந்த பையன் தாளில் வட்டம் போட்டு
வருடத்தை ஐம்பத்திரண்டு கீற்றாக வெட்டினான்.
இருப்பதில் மலிவு ஒன்பதாவது கீற்று:
பிப்ரவரி கடைசி.

எங்கள் நெப்ராஸ்காவில் அது மாடுகள் கன்று போடும் வாரம்.
மேஜைக்கடியில் அம்மா அவர் காலை மிதித்தாள்.
அதற்குள் பேனா நகர்ந்துவிட்டது.

பதினேழு வருடமும்
பராமரிப்புக் கட்டணம் தவறாமல் வந்தது.
நாங்கள்தான் போகவில்லை.
ஏதாவது ஒரு கிடாரி
நடு இரவில், பனியில், தலைச்சன் கன்றோடு மல்லாடும்.

ஒரே ஒருமுறை போனோம்.
ஓயாத மழை. நீச்சல் குளத்தைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்.
அம்மா இழுப்பறையைத் திறந்து கரண்டிகளைப் பார்த்தாள்.
"இதில் ஐம்பத்திரண்டில் ஒரு பங்கு நமக்கு, மார்லிஸ்.
காம்பு நுனி தேறும்."

அப்பா ஒன்பது மணிவரை தூங்கினார்.
வெளிச்சத்தில் அவர் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.
தம்பியும் நானும் கதவருகில் நின்றோம்,
முற்றத்தில் மான் வந்து படுத்ததுபோல
மூச்சை அடக்கிக்கொண்டு.

இன்று வக்கீல் அறையில் பங்கு பிரிக்கிறோம்.
நிலம் டுவெய்னுக்கு. டிராக்டரும்.
வீடு எனக்கு.
ஒன்பதாவது வாரத்தை அவன் என் பக்கம் தள்ளினான்,
நான் அவன் பக்கம்.
"வேண்டாமென்றால் திருப்பி எழுதிக் கொடுக்கலாம்," என்றார் வக்கீல்,
"அதற்கும் ஒரு கட்டணம் உண்டு."

டுவெய்ன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:
"குறட்டைகூட விட்டாரே, ஞாபகமிருக்கா?"