செட்டு வேலை செய்கிறதா

எந்தப் பொண்ணுக்கு எழுதுன என்று கேட்கிறார்கள்.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
பல்லவி வந்தால் காலேஜ் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.
கைதட்டல் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.
உண்மையில் அது ஐஸ் பார் உடைகிற சத்தம்.

மண்டபம் வடக்குக் கரை, ஐஸ் பிளாண்ட், ராத்திரி ஷிப்ட்.
தடைக்காலத்தின் முப்பத்தொன்றாம் நாள்.
விசைப்படகெல்லாம் விலாவோடு விலா இடித்துக்கொண்டு
நங்கூரத்தில் கிடந்தன.
வல்லத்துக்காரர்களுக்காக ஒரே ஒரு கம்ப்ரசர் ஓடியது.
அதன் சுருதியில் முனகிக்கொண்டிருந்தேன், வார்த்தை இல்லாமல்.
கூடத் தங்கியிருந்த செல்வின் கொச்சிக்குப் போய்
அறை வாடகை முழுசும் என் தலையில்.
பேச ஆளில்லாமல் போனதை
வாடகைக் கணக்காகவே சொல்லித் திரிந்தேன்.

ரெண்டே காலுக்குக் கரண்ட் போனது.
கம்ப்ரசர் நின்ற பிறகுதான் தெரிந்தது
அது எனக்கு எவ்வளவு பேச்சுத்துணை என்று.
முதலாளி மேசையில், பேட்டரியில் கிடந்த வயர்லெஸ் செட்
கரகரத்தது.
“யாரும் இருக்கியளா?”

படகுக் காவலுக்குப் படுத்திருக்கும் யாரோ.
ஐம்பது வயதுக் குரல். பீடி இருமல்.
அழுத்தினேன்: “இருக்கேன்.”
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
“ஒண்ணுமில்ல தம்பி,
செட்டு வேல செய்யுதான்னு பாத்தேன்.”
“செய்யுதுண்ணே.
நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மறுநாளும் செட்டைச் சோதித்தோம். அதற்கு மறுநாளும்.
பேர் கேட்கவில்லை, படகு நம்பர் கேட்கவில்லை.
ஒருநாள், மகள் போனை எடுக்கல என்று தொடங்கி
சோளகம் இன்னும் சரியா விழல என்று முடித்தார்.

தடை முடிந்த ராத்திரி
அத்தனை படகும் ஒரே சேனலில் கத்தின.
நண்டு, கணவாய், கெட்ட வார்த்தை.
அந்தக் குரலுக்காக விடியும்வரை காதை வைத்திருந்தேன்.
அப்புறம்தான் வார்த்தை வந்தது.

சென்னையில் மெட்டை வேகமாக்கினார்கள்.
செட்டு என்றால் யாருக்கும் புரியாது என்று வெட்டினார்கள்.
‘இருக்கேன்’ மட்டும் மிஞ்சியது, மூன்று தடவை.
நான் ஒன்றுதான் எழுதியிருந்தேன்.

போன வாரம் துறையில் ஐஸ் இறக்கும்போது
ஒருத்தர் சட்டைப்பையில் அந்தப் பாட்டு அடித்தது.
இருமிக்கொண்டே எடுத்து “சொல்லு தாயி” என்றார்.
அவர் கூடையில் ரெண்டு மண்வெட்டி கூடுதலாக அள்ளிப் போட்டேன்,
கணக்கில் எழுதாமல்.

அவராக இருக்காது.
இந்தக் கரையில் யாருக்குத்தான் இருமல் இல்லை.