மழித்த முகம்

மே மாதம். ஹயேன் சரிவெங்கும்
ஆலிவ் மரங்கள் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டுகின்றன.
நிறுத்திவைத்த காரின் மஞ்சள் தூசியில்
யாரோ விரலால் எழுதியிருக்கிறார்கள்:
மழையே, எங்கே போனாய்?

எவுஃப்ராசியோ இருபது வருடம் கிளை கழித்தவன்.
இப்போது தோப்பைப் பார்த்த சன்னலைத் திறப்பதில்லை.
இரண்டு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டுத்
தும்மிக்கொண்டே படியிறங்கினான்.

அதிலிருந்து
கிளைகிளையாய்க் கை முளைக்கும் செல்களை
ஒரு வாரம் வளர்த்தாள் காசில்தா.
ஒரு குழியில் மகரந்தப் புரதம்,
தோளில் சர்க்கரைக் கொத்தோடு.
அடுத்ததில் அதே புரதம்,
இரவெல்லாம் நொதி சர்க்கரையை மழித்தெடுத்தது.

விடிந்ததும் பார்த்தாள்.
இனிப்பிருந்த குழியில்
பந்திக்கு முந்திக் கை நீட்டிய கூட்டம்.
பற்றி, விழுங்கி, நொறுக்கி,
துணுக்கை உயர்த்திப் பிடித்து
"எதிரி, எதிரி" என்று தண்டோரா போடத் தயார்.
மழித்த குழியிலோ
யார் வீட்டு விருந்தோ என்று கிடந்தன.

சிரித்தாள். ஒரு நிமிடம்தான்.

அவன் சீரத்தைச் சேர்த்தபோது
பழைய எதிர்ப்பொருள்கள்
மழித்ததையும் கப்பென்று பிடித்தன.
கடன் கொடுத்தவனுக்கு
மீசை எடுத்தவன் முகம் மறக்குமா?

மாலையில் போன்.
"தோப்புக்குப் போகலாமா?"

குழித்தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தபடி சொன்னாள்:
"உன் பகை முற்றிவிட்டது, எவுஃப்ராசியோ.
இது ஒருவேளை
இன்னும் முளைக்காத பகைக்கு."
கொஞ்சம் நிறுத்தி,
"உன் மகளுக்கு என்ன வயது?"

"ஏழு மாதம்" என்றவன்
போனைத் தள்ளிப் பிடித்துத்
தும்மினான்.
பின்னால் ஒரு குழந்தை
கெக்கலித்துச் சிரித்தது.