பயணச்சீட்டு இல்லாதவர்கள்

பாறை வந்த அன்று வெளியே பனி.
ஒஸ்ட்ராவாவில் கடல் கிடையாது,
இந்த நாட்டுக்கே கிடையாது.
வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டி
மரக்கரண்டியால் கலக்கினால்
அதுதான் எங்கள் கடல்.

ஈரச் செய்தித்தாளில் சுற்றியிருந்தது, ஒன்பது கிலோ.
கடைக்கார ராதிபோர் முன்பே சொல்லிவிட்டான்:
"காசு பாறைக்கு மட்டும்.
உள்ளே குடியிருப்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை."

டிராமில் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடிப்பது என் வேலை.
பையைத் துழாவுகிறவன் வைத்திருப்பான்,
ஜன்னலை வெறிக்கிறவன் வைத்திருக்கமாட்டான்.
பத்தொன்பது வருஷம்.
இரவு பதினோரு மணிக்கு
டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு
தொட்டிமுன் மண்டியிட்டபோது
அதில் ஒரு நாள்கூட உதவவில்லை.

முதலில் புழு.
ஆரஞ்சு உடல், ஓரமெல்லாம் வெள்ளை முடிக்கற்றை,
விரல் நீளம், தொட்டால் சுணை.
விஷமென்று பதறி இடுக்கியால் இழுத்தேன்.
வால்பாதி என்னிடம், தலைப்பாதி பாறைக்குள்.
பிறகுதான் படித்தேன்:
மீன் தின்னாமல் விட்டதைத் தின்று
தரையைச் சுத்தமாக வைத்திருப்பதாம்.
மன்னிப்புக் கேட்க ஆள் வெளியே வரவில்லை.

அடுத்து வந்தது அழகு.
பழுப்புத் தண்டு, உச்சியில் கண்ணாடி விரல்கள்,
நிழல் பட்டால் வெடுக்கென்று உள்ளே.
பனைமரம் என்று நோட்டில் வரைந்தான் ஹினெக்,
பள்ளிக்குக் கிளம்பும்போது கையசைத்தான்.
ஐப்டேசியா.
பவளத்தைச் சுட்டுக் கொல்லும்.
வெட்டினால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குடும்பம்.
சுண்ணாம்புப் பசையால் அதன் வாயை நான் அடைக்கையில்
பையன் வேறு அறைக்குப் போய்விட்டான்.

பொட்டளவு நட்சத்திரங்கள்,
சிலதுக்கு ஆறு கை, சிலதுக்கு மூன்றேகால்.
அவற்றை எண்ணுவதைக் கைவிட்டேன்.

மூன்றாம் வாரம்,
டக்.
கண்ணாடியை யாரோ நகத்தால் சுண்டியதுபோல்.
ஓல்ட்ரிக் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
கார்வினா நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம்:
பாறை சத்தம் போட்டால்
காலணியைத் தேடக்கூடாது, ஓடவேண்டும்.

"ஒன்று மாண்டிஸ் இறால்," என்றேன்,
"மீனைக் கொல்லும், கண்ணாடியையும் உடைக்கலாம்.
இல்லையென்றால் பிஸ்டல் இறால், அதனால் பயமில்லை.
இரண்டும் முகம் காட்டாது."

அவர் துடைப்பக் கழியைக் கண்ணாடியில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்தார்.
பம்பை நிறுத்தச் சொன்னார்.
என்னை மூச்சு விடாதே என்றார்.
டக்.
நெடுநேரம் கழித்து, டக்.

"மேலிருந்து மூன்றாவது பொந்து, இடப்பக்கம்.
அடிக்கிற சத்தமில்லை இது, வெடிக்கிற சத்தம்.
அடித்தால் பாறை பதில் சொல்லும்.
இது தண்ணீரோடு முடிந்துவிடுகிறது."

பிஸ்டல் இறால் என்று எழுதினேன்,
காணாமலே.
அவர் அப்படியே தூங்கிப்போனார்.
அந்தச் சத்தம் இல்லாத இரவுகளில்தான்
இப்போது விழித்துக்கொள்கிறார்.

நோட்டில் இன்னும் ஒரு வரி காலி.
பின்பக்க விரிசலில் வெள்ளை நூல் ஒன்று,
டார்ச் போனால் நீள்கிறது, வந்தால் இல்லை.
நூலா, கையா, நாக்கா,
ஒருவருக்குச் சொந்தமா, பலருக்கா.
தேதி போட்டு, 'தெரியவில்லை' என்று எழுதி
விளக்கை அணைத்தேன்.

காலை எட்டாம் நம்பர் டிராமில்
ஜன்னலை வெறித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு
வழக்கம்போல் அபராதம்.
பெயர் கேட்டேன்.
உடனே சொன்னான்,
எழுத்துக்கூட்டியும் சொன்னான்.