வெள்ளைச் சுவர்

ஞாயிறு மட்டும் கேமரா தூக்குகிறவள் நான்,
மற்ற நாளெல்லாம் தபால் பிரிப்பு.
மார்சேயில் எங்கள் சந்தைத் தெரு:
மஞ்சள் கதவு, மிளகாய் மூட்டை,
யாரோ காயப்போட்ட ஊதாப் பாவாடை,
ஒன்றையும் விட்டதில்லை.

கொமோரோஸ்காரி எஷாட்டா மறித்தாள்:
"குடியிருப்பு அட்டைக்கு ஒரு படம்.
பின்னால் வெறும் வெள்ளை இருக்கணுமாம்."

தெரு முழுக்கத் தேடினோம்.
இருந்த ஒரே வெள்ளைச் சுவரில்
நேற்றிரவு எவனோ
பச்சை முதலை வரைந்துவிட்டான்.

மீன்கடை கராபெத் ஏப்ரனைக் கழற்றி
அவள் முதுகுக்குப் பின்னே விரித்துப் பிடித்தார்.
"காலையில்தான் மாற்றினேன்" என்றார்,
யாரும் கேட்காமலே.

சிரிக்கக் கூடாது, விதி.
அடக்கிக்கொண்டாள்.

கழுவிப் பார்த்தால்
தோளோரம் ஒரு செதில்
மின்னுகிறது.
வேறு எடுக்கலாம் என்றேன்.
இதையேதான் கொடுப்பேன் என்கிறாள்.