வேலித் தகரம்

பகல் மூன்று மணிக்குக் காற்று
பாதிச் சொல்லில் நின்றது.
கோழி ஒன்று கூவிப் பார்த்தது.

முடியவில்லை, இது கண் என்றது வானொலி.
கிளெமான்சியாவில் யாரும் வெளியே வர வேண்டாம்.
அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம்,
பிறகு வடமேற்கிலிருந்து அடிக்கும்.

வடமேற்கில் எங்கள் படுக்கையறை ஜன்னல்.
ஜன்னல் என்று இனிச் சொல்ல முடியாது.
நாக்கோ கண்ணாடி எட்டில் ஆறு மெத்தைமேல்.
மிச்ச இரண்டுக்கும் நடுவே
மாமரத்தில் மோதித் திரும்பிய
ஆறடித் தகரம்,
பாதி உள்ளே, பாதி வெளியே,
விருந்துக்கு வந்து வாசலில் தயங்குகிறவன் மாதிரி.

சில்வியோவின் வேலி அது.
அந்தப் பச்சைப் பெயின்ட் எனக்கு மனப்பாடம்.
ஒன்றரை அடி மண்ணுக்காக இரண்டு வருடம்
அதைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன்.
சர்வேயர் இருமுறை வந்தார்.
வக்கீல் கடிதத்துக்கு வக்கீல் கடிதம்.
'தாங்கள் எழுப்பிய ஆக்கிரமிப்பு' என்று
போர்ட் லூயியில் யாரோ பிரெஞ்சில் எழுதினார்கள்.

பூபாலன் கப்பலில் தச்சர்.
மியாமியில் நிற்கும் பதினாலு மாடிக் கப்பலில்
யாருடைய அலமாரிக் கதவோ
கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

சுத்தியல் இருந்தது. ஆணி இல்லை.
கடை மூடி ஒரு நாளாகிறது.
யுவனாவைச் சுவர்களுக்கு அனுப்பினேன்.
காலண்டர் ஆணி. கடிகார ஆணி.
முருகன் படத்துக்கு இரண்டு.
கல்யாணப் போட்டோ ஆணி, அது மட்டும் நல்ல நீளம்.
துண்டு மாட்டுகிறது ஒன்று, சாவி மாட்டுகிறது ஒன்று.
முருகன் அரிசி டின்மேல் சாய்ந்திருந்தார்.
நாங்கள் இருவரும் மாலையோடு
தரையில் மல்லாந்து கிடந்தோம்.

வெளியே வானத்தில் கிணறு அளவு நீலம்.
கரும்பு முழுவதும் ஒரே பக்கம் படுத்திருந்தது.
கடல்பறவை ஒன்று முற்றத்தில் நின்றது,
பஸ் தவறவிட்ட ஆள்போல.

தகரத்தை இழுத்தேன். வரவில்லை.
மறுபடி இழுத்தேன்.
மறுமுனை தானாக எழும்பியது.
சில்வியோ.
வாயில் நாலு வளைந்த ஆணி.

இது என்னுடையது என்பான் என நினைத்தேன்.
உடைத்ததும் உன்னுடையதுதான் என்று
பதில் தயாராக வைத்திருந்தேன்.
ஆணிகளுக்கு நடுவிலிருந்து
"மேலே" என்று மட்டும் வந்தது.
ஒன்றரை அடியில் அவன் இடது கால், என் வலது கால்.

அவன் முதுகால் தாங்கினான், நான் அடித்தேன்.
வளைந்ததை வாசற்படியில் வைத்துத் தட்டி
நிமிர்த்தி நிமிர்த்திக் கொடுத்தான்.
மூன்றாம் ஆணியில் என் கட்டைவிரல்.
எட்டாவதில் கரும்பு சிலிர்த்தது.
பறவையைக் காணோம்.
பதினொன்றாவது கையிலேயே இருக்க
அவன் ஓடினான், நான் ஓடினேன்,
நன்றி சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

இரவெல்லாம் தகரம் மூச்சு வாங்கியது.
மேசைக்கடியில் யுவனாவைக் கட்டிக்கொண்டு
ஆணிகளை எண்ணினேன்,
எது எதைத் தாங்கிய ஆணி என்று.
துண்டு ஆணி விட்டது, சத்தம் கேட்டது.
மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டன.

மூன்று வாரமாகிவிட்டது.
ஃபிளாக்கில் நாக்கோ கண்ணாடி தீர்ந்துவிட்டதாம்.
கோழிகள் திரிகின்றன, தகரம் வேண்டும் என்று
நேற்று சில்வியோ வந்து நின்றான்.
கண்ணாடி வரட்டும் என்றேன்.
வக்கீலிடம் சொல்வேன் என்றான்.
சொல் என்றேன்.
போகும்போது தளர்ந்திருந்த ஒரு மூலையை
உள்ளங்கையால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனான்.
வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார்.
வேலி எங்கே என்று கேட்டால்
படுக்கையறையைக் காட்ட வேண்டும்.

மாலை நாலு மணிக்கு
வேலியாக நின்ற காலத்துப் பழைய துளைகள் வழியே
மெத்தைமேல் ஐந்து காசு வெயில்.

பூபாலன் போனில் கேட்டார்:
யார் அடித்தது, சட்டம் போட்டாயா,
எத்தனை இஞ்சு ஆணி?

கல்யாண ஆணி என்றேன்.
லைன் சரியில்லை,
திரும்பச் சொல் என்றார்.