கடைசி ஆளுக்குப் பின்னால்

என் வேலை எளிது.
யாரையும் முந்தக் கூடாது.
முதுகில் ஒரு பை, கையில் கத்தரிக்கோல்.
மரத்துக்கு மரம் கட்டிவைத்த ஆரஞ்சு நாடாக்களை
அறுத்துக்கொண்டே ஓடிவர வேண்டும்.
நான் கடந்த பிறகு
அது பந்தயப் பாதை இல்லை,
வெறும் ஆற்றங்கரை.

இருபத்திரண்டு கிலோமீட்டர்.
லான்வேரன் பாலத்தடியில் தொடங்கி
ஆற்றோடு எட்டு, காட்டோடு ஒன்பது,
மிச்சம் கடலுக்கு.

இந்த வருடம் கடைசி ஆள் இத்தெல்.
பால் டேங்கர் ஓட்டுகிறவன், வயது ஐம்பத்தொன்று,
முழங்காலில் நீலப் பட்டை.
வேலிப்படி ஏறும்போது
வெல்ஷில் ஒரு கெட்ட வார்த்தை,
இறங்கும்போது என்னிடம் ஒரு மன்னிப்பு.
வேலிப்படிகள் மொத்தம் பத்தொன்பது.

மழைக்குப் பிந்தைய ஆறு, பால் விடாத தேநீர்.
முன்னே போன முந்நூறு பேருக்கும்
எழுந்தெழுந்து பறந்து அலுத்துவிட்ட சாம்பல் நாரை
எங்களுக்கு எழவில்லை.
ஒற்றைக் காலை மாற்றிக்கொண்டது,
அவ்வளவுதான்.

ஓக் காட்டுக்குள் நுழைந்ததும் காட்டுப்பூண்டு.
அறுநூறு கால்கள் மிதித்து நசுக்கிய பிறகுதான்
இந்த வாசம் இப்படி எழும்.
முதலில் ஓடினவனுக்கு
இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது.
"பசிக்குது" என்றான் இத்தெல்.
என் பையில் இருந்தவை
நாடாக்களும் அரை வாழைப்பழமும்.
பழம் போயிற்று.

காடு முடிந்த மேய்ச்சல் வெளியில்
முட்புதருக்கு அந்தப் பக்கம்
மல்லாந்து கிடந்தது ஒரு பெட்டை ஆடு.
ஈரக் கம்பளியின் கனம் அழுத்த,
நான்கு கால்களும்
வானத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

முந்நூறு பேர் இவ்வழியாகத்தான் போனார்கள்.
அப்போது அது நின்றிருக்கலாம்.
நான் யாரையும் குறை சொல்லவில்லை.

புரட்டிவிட்டால் மட்டும் போதாது,
கால் மரத்திருக்கும், மறுபடி விழும்.
வலிக்கும் முழங்காலை அதன் விலாவுக்கு முட்டுக்கொடுத்து
இத்தெல் நின்றான்.
ஆடு நடுங்கிற்று. பிறகு அவன் காலணிமேல்
விஸ்தாரமாக மூத்திரம் பெய்தது.
பதினோரு நிமிடம்.
கைக்கடிகாரத்தை நான் பார்த்ததை
அவனும் பார்த்தான்.

கடற்கரையில் நெரிஸ்
மடக்குநாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
"மணல் மூடியாச்சு" என்றாள்,
மளிகைக் கடையைச் சொல்வது போல.
நேற்று மாலை நான் நட்ட மூங்கில் குச்சிகள்
இடுப்பளவு தண்ணீரில் நின்றன.
நாடாக்கள் படபடத்து
வழி இதுதான் என்று
கடலுக்குள் காட்டிக்கொண்டிருந்தன.

நேரம் தாண்டியவரிடம்
எண் அட்டையை வாங்கிவிட வேண்டும். விதி.
ஊக்குகளை அவனே கழற்றினான்,
நான்கையும் எண்ணிக் கொடுத்தான்.
இருநூற்றுப் பதினேழு
என் பைக்குள் நாடாக்களோடு சுருண்டது.

காரில் வரச் சொன்னாள் நெரிஸ்.
"நான் பாறைமேட்டு வழியாப் போறேன்" என்றான்.
மூன்று கிலோமீட்டர் கூடுதல்.
நானும் அந்த வழிதான் என்றேன்.
பொய்தான், என் வண்டி பாலத்தடியில் நிற்கிறது.

மேட்டில் மஞ்சள் முட்பூக்கள்,
வெயில் பட்டால் தேங்காய் வாசம் அடிக்கிறவை.
கீழே அலை
குச்சிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தது.
நாளை வற்றும்போது வந்து பொறுக்க வேண்டும்,
பன்னிரண்டும் கிடைக்காது.
பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம்.
அவன் எண்ணும் இல்லாதவன்,
நான் யாருக்கும் கடைசி இல்லை.
டேங்கரின் பிரேக் பற்றி நிறையச் சொன்னான்,
பாதிக்கு மேல் காற்று கொண்டுபோயிற்று.

பாதை குறுகிய இடத்தில் நின்றான்.
"நீங்க முன்னால போங்க."

முன்னால் ஓடத் தெரியவில்லை எனக்கு.
ஒவ்வொரு திருப்பத்திலும்
கழுத்து தானாகப் பின்னால் போயிற்று.

"இருக்கேன்" என்றான்.
அடுத்த வேலிப்படியில்
அந்தக் கெட்ட வார்த்தையும் கேட்டது.